சூடம் மணக்கும் சவரக்கத்தி

அந்தச் சவரக்கத்தியின் பிடியைக் கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் சூடம் மணக்கும். சின்ன வயதில் எனக்கு அது சாமி வாசனை. ஆயுத பூஜையன்று அரிவாளும் மண்வெட்டியும் கடப்பாரையும் கழுவிக் காய்ந்து வரிசையாகப் படுத்திருக்கும். கடைசியில் அப்பா தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, இதையும் எடுத்துப் பாதி விரித்து வைப்பார். சிறகை ஒடுக்கப்போகும் பறவை மாதிரி இருக்கும். சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம். கத்தியின் வாயில் பொட்டு வைக்கக் கூடாது, கழுத்தில்தான் வைக்க வேண்டும் என்பார். இரும்பு மெலிந்து பிடிக்குள் நுழைகிற இடம்தான் கழுத்து. அவரைப் பெற்றவள் அப்படித்தான் வைப்பாளாம்.

அந்தக் கத்தியால் எங்கள் வீட்டில் யாரும் சவரம் செய்து நான் பார்த்ததில்லை. அப்பா சலூனுக்குப் போவார். கத்தி அவருடைய அப்பாவுடையது. அந்த மனிதரை அப்பா பார்த்ததே இல்லை.

தேசத்துக்குச் சுதந்திரம் வந்த வருஷத்து ஆடி மாதம் அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார். அப்பா அப்போது வயிற்றில். எருமப்பட்டியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அன்றைக்கு, 'வயித்துல உன்னையும் சுமந்துக்கிட்டுப் போயி ரெண்டு மிட்டாய் வாங்குனன்' என்று அவருடைய அம்மா சொல்வாளாம். படிக்காத குடும்பத்தில் தேதிகள் இப்படித்தான் நிற்கும். ஆனால் இந்த ஒரு தேதி ஆணியடித்த மாதிரி நின்றது. கொடி ஏறியபோது புருஷன் ஊரில் இல்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை.

கத்தி எப்படி வீட்டில் இருந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. அப்பாவின் அம்மா சொன்னது, அவர் போகும்போது விட்டுவிட்டுப் போனார் என்பது. அப்பாவின் அத்தை ஒருத்தி சொன்னது வேறு. அப்பா ஓடியாடி விளையாடும் வயதில், கெங்கவல்லிப் பக்கத்துக்காரர் ஒருவர் மலேயாவிலிருந்து திரும்பும் வழியில் இந்த ஊருக்கு வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த எதையோ கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாராம். அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லையாம். அதைப் பற்றிக் கேட்டால் அப்பாவின் அம்மா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். அவள் சாகும்வரை நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

புருஷன் எங்கேயென்று தெரியாத வீடு. அந்த வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். அப்பாவுக்குக் கல்யாணம் ஆனதே முப்பத்தைந்து வயதில். மூன்று பெண்களுக்குப் பிறகு நான். அக்காக்கள் மூவரும் விசைத்தறிக்கும் நூல் மில்லுக்கும் போய்ச் சம்பாதித்தார்கள். நான் ஒருவன் மட்டும் பாலிடெக்னிக் வரை போனேன். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் மருந்துச் சீட்டிலிருந்து கரண்டு பில் வரை என்னிடம்தான் வரும். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை.

*

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவோடு பவானி கூடுதுறைக்கு நானும் போயிருந்தேன். அவர் வருஷா வருஷம் தன் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடப் போவார். அதுவரை தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தார். கண்புரை அறுவை ஆனதால் நான் துணை.

படித்துறையில் ஈரத் துணியும் வாழையிலையும் மிதித்துக்கொண்டு கூட்டம். ஐயர் தர்ப்பையைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல அப்பா பேர் என்ன என்று கேட்டார்.

"அது வேண்டாங்க. அம்மாவுக்கு மட்டும் விடுங்க" என்றார் அப்பா.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே எழுபத்தாறு வயது மனிதர், பொக்கை வாய், ஈர மார்பு. உங்கப்பா இருக்காரா என்று கேட்டார். அப்பா ஆற்றைப் பார்த்தபடி, "தெரியலீங்க" என்றார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் திருச்செங்கோடு மலை சன்னலில் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் உயிரோடு இருந்தாலும் இன்றைக்கு நூறு தாண்டியிருக்கும், எப்படியும் போயிருப்பார், தண்ணீர் விட்டால் என்ன தப்பு?

"செத்தாரா இல்லியான்னு நான் யோசிக்கல சாமி" என்றார். "அங்க போயி செத்திருந்தார்னா அவரு எங்கப்பன். எங்கள வேண்டாம்னு போட்டுட்டுப் போயி இன்னொரு ஊட்டுல சோறு தின்னிருந்தார்னா, அவருக்கு விடறதுக்கு அந்த ஊட்டுல ஆளிருக்கும். நான் எதுக்கு?"

ஊர் வரப்போகிற சமயத்தில், பஸ் இரைச்சலுக்கு நடுவே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"லாரிக்கு வயசு சொல்ற. அந்தக் கத்திக்குச் சொல்ல மாட்டியா?"

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு இறங்கி வீடு வரை நடக்கும்போதுதான் புரிந்தது. கத்தி அந்த மனிதர் கப்பலேறுவதற்கு முன்பு செய்ததாக இருந்தால், விட்டுப்போன கதைதான் உண்மை. முகம் வழிக்கிற கத்தியைக்கூட வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன மனிதர். ஏறிய பிறகு செய்ததாக இருந்தால், அது கடல் தாண்டி வந்தது, யாரோ கொண்டுவந்து கொடுத்தது. கைக்குட்டை முடிச்சுக் கதைதான் உண்மை. ஒருவன் கத்தி அவன் இல்லாமல் ஊர் திரும்புகிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அப்பா என்னிடம் அதற்கு முன் எதையும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் படிக்கச் சொல்லித்தான்.

*

என் வேலையைச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் பழைய லாரிகளுக்குக் கடன் கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்காக, லாரிகளைப் பார்த்து வயதும் மதிப்பும் சொல்கிறவன் நான். பேப்பரில் இருக்கும் வயது வேறு, இரும்பில் இருக்கும் வயது வேறு. இரும்பில் இருப்பதுதான் உண்மை. வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் ஒரு தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூட வெள்ளை எழுத்தாக எழுந்து வரும். பென்சில் பிரிண்ட் என்போம். அழித்து வேறு நம்பர் அடித்திருந்தால் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

அப்படியிருந்தும் கத்தியை நான் லாரியைப் போலப் பார்க்கவில்லை. அதுதான் என் தவறு. படித்தவனாகப் பார்த்தேன். இன்டர்நெட்டில் தேடினேன்.

கத்தியின் கழுத்தில் ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. ஓர் ஏணி, அதன் உச்சியில் ஒரு நட்சத்திரம், மேலே வளைவாக ஒரு கம்பெனிப் பெயர், கீழே ஸோலிங்கன் என்ற ஊர். ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊராம் அது. நம் பக்கத்துக்கு ஜலகண்டாபுரம் தறி மாதிரி, அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கத்திதான். பழைய கத்திகளைச் சேர்ப்பவர்கள் கூடும் ஒரு தளத்தில் படம் போட்டேன். எங்கோ ஒரு குளிர் தேசத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர், ஏணியும் நட்சத்திரமும் இன்ன பட்டறையின் முத்திரை, சின்னப் பட்டறை, இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் பின்பும் இருந்தது என்று எழுதினார். பெயரை இங்கே எழுதவில்லை. செய்தவன் யார் என்பது அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது.

வயதுதான் கிடைக்கவில்லை. பிடி கொம்பா என்று கேட்டார். தேய்த்தால் சூடம் மணக்கிறது என்றேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அப்படியென்றால் அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக், அந்தப் பொருளைச் செய்யவே சூடம் சேர்ப்பார்கள், போருக்கு முந்தைய கத்திகளில் மிகுதியாக இருக்கும் என்றார். பூஜையின் வாசனை என்று நான் நினைத்தது பூஜைக்கு முன்பே அதற்குள் இருந்திருக்கிறது. அன்று பகல் முழுவதும் விரலை முகர்ந்துகொண்டே இருந்தேன்.

மறுபக்கத்தைக் காட்டச் சொன்னார். தேசத்தின் பெயர் அங்கேதான் இருக்கும். அந்தப் பக்கம்தான் அப்பா பொட்டு வைக்கும் பக்கம். மஞ்சள் துணியில் எப்படிச் சுற்றியிருந்ததோ அப்படியே விரித்து வைப்பதால், ஒவ்வொரு வருஷமும் அதே பக்கம்தான் மேலே. ஈரச் சந்தனமும் குங்குமமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு சட்டைப் பித்தான் அகலத்துக்கு இரும்பை அரித்திருந்தது. பொட்டின் வடிவத்திலேயே ஒரு துருவட்டம். அம்மா, புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிடும் என்று கிண்ணத்தில் கரைத்தே கொண்டுவந்துவிட்டாள். வேண்டாமென்று கெஞ்சினேன். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். சிவப்பாக இறங்கியது. எத்தனை ஆயுத பூஜைகளின் குங்குமமோ, துருவோ, பிரித்துச் சொல்ல முடியாது.

துருவட்டத்துக்கு வலப்புறம் ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

குளிர் தேசத்துக்காரர் உறுதியாகச் சொன்னார். வெறுமனே ஜெர்மனி என்றிருந்தால் போருக்கு முந்தையது. போர் முடிந்து தேசம் இரண்டாகப் பிரிந்த பிறகு செய்ததென்றால் மேற்கு ஜெர்மனி என்று அடித்திருப்பார்கள்.

சித்திரை முடியும் ஒரு நாள். அப்பா ஆட்டுக்குட்டிக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். அவர் கப்பலேறுவதற்கு முன்னாலேயே செய்த கத்திதான் போலிருக்கிறது என்றேன். 'போலிருக்கிறது' என்பதை மெதுவாகச் சொன்னேன்.

அவர் கீரைக் கட்டின் முடிச்சை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்பச் சரி" என்றார்.

சாயங்காலம் கத்தியை மஞ்சள் துணியோடு கொண்டுவந்து என் பையில் வைத்தார். "நீயே வெச்சுக்க. இல்லாட்டி எடைக்குப் போட்டுரு" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, அதும் பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்துட்டுப் போகுது" என்றாள். அன்றிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை அவர் திறக்கவும் இல்லை. ஆடிக்குப் பவானி போக வேண்டுமே என்று அம்மா ஒருநாள் நினைவூட்டியதற்கு, பார்க்கலாம் என்றார். தன் அம்மாவுக்கு விடும் தண்ணீர்கூட அவருக்குக் கசந்துபோயிருக்க வேண்டும். அவள் சொன்னதே உண்மை என்று நான் நிரூபித்திருந்தேன். ஆனால் அவள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் அவர் வாழ்நாள் முழுவதும் நினைத்திருக்கிறார் போல.

*

கத்தி என் பையிலேயே இருந்தது. வைகாசி முழுதும் அதோடுதான் ஊர் சுற்றினேன். வெயில் வெள்ளையாகக் காயும். ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் ஏக்கர் கணக்கில் மாவு பரந்து கிடக்கும். வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணை மூடினால் அந்த வெண்மை இமைக்குள்ளும் வரும். அதற்குள் ரப்பர் மரங்கள் முளைக்கும். நான் ரப்பர் மரத்தைப் பார்த்ததில்லை. படித்திருக்கிறேன். விடியற்காலையில் மரத்தின் தோலை மெல்லிசாகச் சீவுவார்களாம், பால் சொட்டுமாம். என் கனவில் ஒருவர் வரிசையாக மரங்களுக்குச் சவரம் செய்துகொண்டு போவார். கடைசி மரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும். அதன் முன் நின்று தன் முகத்துக்கும் செய்துகொள்வார். கண்ணாடிக்குள் எப்போதும் அப்பாவின் முகம்தான் இருக்கும். வேறு முகம் எனக்குத் தெரியாதே.

ஆனி மாதம் ஒரு நாள், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பழைய டிப்பர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டறை முதலாளியை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வாய் ஓயாத மனிதர். நான் சட்டத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு தாளை ஒட்டித் தேய்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. ஏதோ உறுத்தியது. நம்பர் சரியாக இருந்தது, ஆனால் இடம் சரியாக இல்லை. அச்சு குத்துகிறவன் நடுவைப் பார்த்துத்தான் குத்துவான். வலப்பக்கம் நெருக்கமாக முடிந்து, இடப்பக்கம் இரண்டு எழுத்துக்கான இடம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இரும்பு சும்மா கிடப்பதில்லை. அங்கே முன்பு ஏதோ இருந்திருக்கிறது.

அண்ணன் குனிந்து, "ஏன்டா, லாரிக்கு அடியில தூங்கிட்டியா? எந்திரி, டீ ஆறுது" என்றார்.

நான் தூங்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் டிப்பரின் சட்டம் இல்லை. கத்தியின் கழுத்து இருந்தது. வலப்பக்கம் விளிம்புவரை நெருங்கி நிற்கும் ஜெர்மனி. இடப்பக்கம் அந்தத் துருவட்டம். நடுவில் குத்தாமல் எவன் அப்படி ஓரமாகக் குத்துவான்?

எழுந்து பையிலிருந்து கத்தியை எடுத்தேன். அண்ணன் ஓரடி பின்னால் நகர்ந்து, வண்டிக்கு மதிப்புக் குறைத்துச் சொல்லுவான் என்று பார்த்தால் கத்தியையே எடுத்துவிட்டானே என்று பக்கத்திலிருந்த வெல்டரிடம் சொன்னார். வெல்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். நான் ரேடியேட்டர் பெட்டியின் மேல் கத்தியை விரித்து வைத்தேன். அதன் கழுத்தில் தாளைச் சுற்றி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினேன். பென்சிலைப் படுக்கவைத்து, மூச்சுவிடாமல், மிக மெதுவாகத் தேய்த்தேன்.

முதலில் துருவின் பொரிப்பொரி மட்டும்தான் வந்தது. மழை பெய்த மண் மாதிரி. பிறகு அந்தப் பொரிகளுக்கு நடுவே, ஏதோ நினைவு திரும்புவது போல, சாய்ந்த கோடு ஒன்று. அதன் அடியிலிருந்து எழும் இன்னொன்று. மறுபடி இறங்கி, மறுபடி ஏறி. பக்கத்தில் ஒரு புள்ளி. மேற்கு என்பதற்கான ஆங்கில எழுத்தும் புள்ளியும். அதற்கப்புறம் ஜெர்மனி. முழு வரியும் இப்போது கழுத்தின் நடுவில் நேராக நின்றது.

வேறு தாள் ஒட்டி மறுபடி தேய்த்தேன். மறுபடியும் அதேதான் வந்தது.

அண்ணன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நம்பர் மாத்தி அடிச்சிருக்கா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. பொட்டு வெச்சு மறைச்சிருக்குது" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை உட்காரச் சொல்லி டீயைக் கையில் கொடுத்தார்.

அந்தத் தேசம் பிரிந்தது நம் கொடி ஏறியதற்கு இரண்டு வருஷம் கழித்து. அந்த ஆடியில் கப்பலேறிய மனிதர் இந்தக் கத்தியை இந்த ஊரில் விட்டுப்போயிருக்கவே முடியாது. அப்போது இது பிறந்திருக்கவே இல்லை.

டீயைக் குடித்துவிட்டு இன்னொன்றும் செய்தேன். பழைய வண்டிகளில் நாங்கள் கிலோமீட்டர் மீட்டரை நம்புவதில்லை. மீட்டரைத் திருப்பி வைக்கலாம். பிரேக் பெடலின் ரப்பரைத் திருப்பி வைக்க முடியாது. எவ்வளவு மிதித்தார்களோ அவ்வளவு தேய்ந்திருக்கும். கத்தியின் முதுகைப் பார்த்தேன். சாணைக்கல்லில் படுக்கவைத்துத் தீட்டும்போது வாயோடு முதுகும் சேர்ந்துதான் தேயும். புதுக் கத்தியின் முதுகு உருண்டையாக இருக்கும். இதன் முதுகில் இரண்டு பக்கமும் பட்டையாக ஒரு பளபளப்பு ஓடியது. வெயிலில் திருப்பினால் ஒரு வாய்க்கால் போல மின்னியது. எங்கள் வீட்டில் யாரும் தீட்டாத கத்தி. அப்படியானால் அந்தத் தேய்மானம் முழுவதும் அங்கே, கடலுக்கு அப்பால், யாரோ ஒருவருடைய காலைகளில் நடந்தது.

*

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். கொல்லிமலை வெயிலில் கரைந்து நீலப் புகை மாதிரி நின்றது. அப்பா கட்டிலைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போட்டுப் படுத்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முன்பு சொன்னது தப்பு என்றேன். தாளை விரித்து, கோடு கோடாகக் காட்டினேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் மேல் விரலை வைத்து, மேலே ஏறி, கீழே இறங்கி, மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிறகு முதுகின் தேய்மானத்தைக் காட்டினேன். பெடல் ரப்பர் கதையையும் சொன்னேன்.

"எத்தன வருஷம் ஓடிருக்கும்?" என்று கேட்டார். வண்டியைக் கேட்பது போலவே கேட்டார்.

வருஷக் கணக்கு சொல்ல முடியாது, ஆனால் ஒரு மாதம் இரண்டு மாதத்தில் இப்படித் தேயாது, சில வருஷமாவது இருக்கும் என்றேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். அந்தத் தேய்மானம் அவர் கையால் ஆனதுதான் என்று இரும்பில் எழுதியிருக்கவில்லை. யாரிடமோ பழசாக வாங்கியதாகவும் இருக்கலாம்.

அப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. கண்களை மூடிக்கொண்டிருந்தார். மரத்தின் நிழல் அவர் முகத்தில் அசைந்தது.

"அப்ப நான் நடக்கப் பழகும்போது அவரு உசுரோட இருந்திருக்காரு" என்றார். "மூஞ்சி வழிச்சிட்டு வேலைக்குப் போயிட்டு இருந்திருக்காரு."

அம்மா புளியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அடுத்த நினைப்பு வந்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப எங்கம்மாவுக்குத் தெரியும்" என்றார். "கொண்டுவந்து குடுத்தப்பவே தெரியும். தெரிஞ்சுகிட்டே சாகற வரைக்கும் பொட்டு வெச்சிருந்திருக்கா. நான் கேக்கறப்பெல்லாம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கா."

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் பேசினாள். மாமியாரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவள் அவள். அவள் பேச்சு எப்போதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வரும். அன்றைக்கு அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க, பொட்ட அழிச்சுப்போட்டுக் கைப்புள்ளையோட ஒரு பொம்பள இந்த ஊருல எப்பிடிங்க தனியா இருந்திருப்பா? புருசன் கப்பல்ல போயிருக்கான், நாளைக்கே வந்துருவான்னா ஒருத்தன் பக்கம் வரமாட்டான். அவுங்க பொட்டு வெச்சது உங்களுக்குங்க."

அம்மா மறுபடி புளியை எடுத்தாள். கொட்டைகள் முறத்தில் விழுந்தன. அப்பா கத்தியை என்னிடமிருந்து வாங்கி, பிடியைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தார். நான் சிறுவனாக இருந்தபோது செய்ததை அவரும் செய்வார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

*

அந்த ஆடி அமாவாசைக்கு அப்பா கத்தியையும் இடுப்பில் முடிந்துகொண்டு வந்தார். தண்ணீர் பட்டால் மறுபடி துருப்பிடிக்கும் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். படித்துறைக்கு வந்ததும் மஞ்சள் துணியோடு அவிழ்த்து என் கையில் கொடுத்து, "நீ கரையிலயே நில்லு. நனைச்சுப் போடாத" என்றார், நான்தான் அதை நனைக்கத் துடித்தவன் மாதிரி.

ஆறு சேறு கலந்து நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அணையில் திறந்துவிட்டிருந்தார்கள். ஒன்றோடொன்று கலக்கும் தண்ணீர்கள் நடுவில் ஒரு கோடு போட்டது போல நிறம் மாறி ஓடின, கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கோடு தானாகவே இல்லாமல் போனது. வேறு ஐயர். பெற்றவளின் பெயரைக் கேட்டார், அப்பா சொன்னார். பெற்றவரின் பெயரைக் கேட்டார்.

அந்தப் பெயரை வாக்காளர் அட்டையில், அப்பாவின் பெயருக்குக் கீழே, அச்செழுத்தில் பார்த்திருக்கிறேன். யாருடைய வாயிலிருந்தும் கேட்டதில்லை. அதைச் சொன்னபோது அப்பாவின் குரல் கூட்டத்தில் யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. ஐயர் போன திதி என்ன என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்து, தெரியாதுங்க, ஆனால் கொஞ்ச வருஷம் இருந்திருக்காரு என்றார். ஐயர் தலையாட்டிவிட்டு எள்ளை எடுத்துக் கையில் போட்டார். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லி, விரல் இடுக்கு வழியே தண்ணீரை விட்டார் அப்பா. எள் மூழ்காமல் கொஞ்ச நேரம் கையருகிலேயே சுற்றி வந்தது.

ஏறி வந்தவரின் தாடையில் நான்கு நாள் நரை ஈரமாக மின்னியது. துண்டைக் கொடுத்தேன். அவர் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கி, துணியைப் பிரித்துப் பார்த்து, நான் நனைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு எங்க வெக்கிறது?" என்று கேட்டார்.

எழுத்தில் மட்டும் வேண்டாம், பிடியில் வைக்கலாம் என்றேன்.

பிடியின் கறுப்பில் எந்த இடம் என்று விரலால் தடவித் தேடிக்கொண்டே படியேறினார். பஸ் ஸ்டாண்டு வரை தேடிக்கொண்டே வந்தார்.